உப்புக் காத்துல ஸ்டீல் டீ நட்: 304 போதுமா, 316 வேணுமா? போல்ட் பாதியில இறுகிப் போகுது

அயினிப்பலகை கேட்டது:

திருநெல்வேலிக் கடலோரம் உவரிப் பக்கம் 28 அடி ஃபைபர் வள்ளம் ஒன்றுக்கு வேலை. மூன்று குறுக்குப் பலகை, 25 மி.மீ. அயினி மரம். வலை பரப்பும்போது கழற்றி வைத்து, பிறகு மாட்டிக்கொள்ள வேண்டும். அணியத்தில் (வள்ளத்தின் முன்பக்கம்) சாமான் பெட்டிக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில் ஒரு மூடி. இது போக, அலையிலிருந்து 300 மீட்டர் தள்ளி மணல் மேட்டில் போட நாலு தேக்கு பெஞ்சு.

பலகை உட்காரும் விளிம்பு ஃபைபர், கனம் 5 மி.மீ. அதன் அடியில் 18 மி.மீ. பிளைவுட் கட்டை வைத்து ஒட்டப் போகிறோம். வள்ளம் முடிந்தபின் அந்த அடிப்பக்கத்துக்குள் ஸ்பேனரோடு கை போகாது. அதனால் கட்டைக்கு அடியில் டீ நட் (வட்டத் தட்டில் முள்ளும், மரையுள்ள கழுத்தும் இருக்கும், மரத்தில் பதிக்கிற நட்), மேலிருந்து போல்ட் என்று யோசனை. கேள்விகள் இவை.

கடையில் "ஸ்டீல் டீ நட்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிறார்கள். என்ன கிரேடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 316 கண்டிப்பாக வேண்டுமா?

அயினித் துண்டில் அடித்துப் பார்த்தால் நாலு முள்ளில் இரண்டு மடங்கிவிடுகிறது. பிளைவுட்டில் மடங்கவில்லை.

எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட் பாதி தூரம் போனதும் இறுகுகிறது. அழுத்தித் திருப்பினால் டீ நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. முன்னேயும் போகாது, பின்னேயும் வராது.

பின்பக்கம் எஞ்சின் மாட்டும் கட்டைக்கும் இதையே போடலாமா?

---

பொருநை லேத் எழுதியது:

கிரேடு விஷயத்தை முதலில் பார்ப்போம். மற்ற வேலையைத் திருத்திக்கொள்ளலாம், தப்பான உலோகம் உள்ளே போய்விட்டால் திரும்ப எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

நம் பக்கம் "எஸ்.எஸ்." என்று வருவதில் மூன்று வகை இருக்கிறது. 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய ரகம். நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான். பாளையங்கோட்டையில் வீட்டு கேட்டுக்கு அது நிற்கும், உவரியில் நிற்காது. 304-இல் குரோமியம் 18 முதல் 20, நிக்கல் 8 முதல் பத்தரை சதவீதம். 316-இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைடு குழி போடுவதைத் தடுப்பதில் அந்த மாலிப்டினத்துக்குத்தான் பெரிய பங்கு.

காந்தம் வைத்துப் பார்ப்பதை நம்பாதீர்கள். 202, 304, 316 மூன்றிலும் காந்தம் ஒட்டாது. அதே சமயம் தகட்டைக் குளிர்நிலையில் அழுத்தி டீ நட் செய்யும்போது முள்ளிலும் கழுத்திலும் லேசாகக் காந்தம் பிடிக்கத் தொடங்கும். அதனால் நல்ல 304-ஐத் தள்ளிவிட்டு மோசமான 202-ஐ எடுத்துவர வாய்ப்பு உண்டு. காந்தம் பலமாகப் பிடித்தால் மட்டும் சந்தேகப்படுங்கள், அது முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம்.

போல்ட்டுக்கு வழி சுலபம், தலையிலேயே எழுதியிருக்கும். ஏ2-70 என்றால் 304 குடும்பம், ஏ4-70 அல்லது ஏ4-80 என்றால் 316 குடும்பம். பின்னால் உள்ள 70, 80 என்பது இழுவலிமை, 700, 800 மெகாபாஸ்கல். டீ நட்டில் இப்படி எழுத்து பெரும்பாலும் இருக்காது. மாலிப்டினம் சோதனைத் திரவம் சின்ன பாட்டிலில், பேட்டரியோடு கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு மின்சாரம் கொடுத்தால் 316-க்கும் 304-க்கும் நிறம் மாறிக் காட்டும். ஸ்டீல் கழிவு வாங்குகிறவர்களில் பெரிய இடங்களில் எக்ஸ்-கதிர் துப்பாக்கி வைத்திருப்பார்கள். ஒரு நட்டைக் காட்டினால் கலவை முழுவதும் தெரிந்துவிடும். 50 நட் வாங்குவதற்கு முன் ஒன்றையாவது சோதியுங்கள்.

உங்கள் வேலை மூன்றுக்குமே 316. அலையடிக்கும் கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வரை 304-இன் மேல் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு படர்வது வழக்கம். 300 மீட்டரில் அது நிச்சயம். அந்தக் கறை மேல்தோலில் மட்டும்தான், பலம் குறையாது. டீ நட்டில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் கீறினால் திரும்ப வளர ஆக்சிஜன் வேண்டும். தட்டுக்கும் மரத்துக்கும் நடுவில், போல்ட் மரைக்கும் நட் மரைக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்து தேங்கிவிட்டால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், குளோரைடு செறிந்துகொண்டே போகும், படலம் உடையும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கழுத்து குழிகுழியாகத் தின்னப்பட்டிருக்கும். 316 இதைத் தாமதப்படுத்தும், அடியோடு தடுக்காது. எந்த கிரேடு வாங்கினாலும் ஓட்டைக்குள் தண்ணீர் நிற்காதபடி செய்வதுதான் வேலை. இதே காரணத்தால் நீர்மட்டத்துக்குக் கீழே, எப்போதும் நனைந்திருக்கும் மரத்துக்குள் ஸ்டெயின்லெஸ் டீ நட்டைப் புதைக்கவே கூடாது.

இன்னொன்று. மஞ்சள் அல்லது வெள்ளை ஜிங்க் பூசிய சாதாரண டீ நட்டில் 316 போல்ட்டைப் போடுவது எல்லாவற்றையும்விட மோசம். உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் ஜிங்க் கரையும், பிறகு உள்ளிருக்கும் இரும்பு கரையும். போல்ட், நட், வாஷர் மூன்றும் ஒரே கிரேடில் இருக்கட்டும்.

இறுகுகிற பிரச்சினைக்குத் தனியாக எழுதுகிறேன். அதற்குமுன் ஒன்று சொல்லுங்கள்: போல்ட்டும் நட்டும் ஒரே கடையில் வாங்கியவையா? போல்ட் தலையில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

---

நவ்வலடித் தச்சு எழுதியது:

அண்ணாச்சி, லேத்துக்காரர் கிரேடைச் சொல்லிட்டாரு. நான் மரத்தைச் சொல்லுதேன்.

மொதல்ல பக்கம். போல்ட் எந்தப் பக்கமா வருதோ, டீ நட்டோட தட்டு அதுக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும். போல்ட்டை முறுக்க முறுக்கத் தட்டு மரத்துக்குள்ள இழுபடணும். தட்டும் போல்ட் தலையும் ஒரே பக்கமா வச்சா, முறுக்குத பலமெல்லாம் முள்ளு மேல வரும், பொறவு நட்டு கழண்டு வந்துரும். நீங்க சொல்லுத அமைப்பு, அடியில நட்டு மேல போல்ட்டு, அது சரிதான்.

ரெண்டாவது கழுத்து நீளம். எம்6-க்கு சுமாரா 9, எம்8-க்கு 11, எம்10-க்கு 13 மி.மீ. வரும். கடைக்குக் கடை மாறும், வெர்னியர் வச்சு அளந்துக்கிடுங்க. மரத்தோட கனம் கழுத்தைவிடக் கூட இருக்கணும். 9 மி.மீ. பிளைவுட்டுல எம்8 நட்டை அடிச்சா கழுத்து 2 மி.மீ. அந்தப் பக்கம் துருத்திக்கிட்டு நிக்கும். அதுமேல பலகையை வச்சு முறுக்குனா கழுத்துதான் முட்டும், பலகை கவ்வாது. எவ்வளவு முறுக்குனாலும் ஆடும். உங்க 18 மி.மீ. கட்டைக்கு அந்தக் கவலை இல்ல.

ஓட்டை: எம்6-க்கு 8, எம்8-க்கு 10, எம்10-க்கு 12 மி.மீ. பிட். கழுத்து கையால தள்ளுனா லேசா இறுக்கமாப் போகணும். தொளதொளன்னு போனா நட்டு சாயும், சாஞ்ச நட்டுல போல்ட் குறுக்கு மரை ஏறும். கையில பிடிச்சு ஓட்டை போடாதீங்க. டிரில் ஸ்டாண்டுல போடுங்க, இல்லைன்னா செங்குத்தா ஓட்டை போட்ட கட்டை ஒண்ணை வழிகாட்டியா வச்சுக்கிடுங்க.

தட்டு உக்காருத எடத்துல ரெண்டு மி.மீ. ஆழம் குடைஞ்சு விடுங்க. எம்8 தட்டு 22 மி.மீ. அகலம், அதனால 24 அல்லது 25 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட் (அடி தட்டையா குழி குடையுத பிட்). குடையுத வேலையை முதல்ல செய்யணும், நடு ஓட்டையை அதுக்கப்புறம். மாத்திச் செஞ்சா பெரிய பிட்டோட நடு முனைக்குப் பிடிமானம் இருக்காது, அலையும்.

இப்ப முள்ளு. ஸ்டெயின்லெஸ் முள்ளு இரும்பு முள்ளு மாதிரி கூர்மையா வராது. பிளைவுட்டுல போகும். அயினி, தேக்கு, வேங்கை மாதிரி வைரம் பாஞ்ச மரத்துல சுத்தியலால அடிச்சா மடங்கத்தான் செய்யும், கூடவே தட்டும் கிண்ணம் மாதிரி குழியும். செய்ய வேண்டியது: நட்டை ஓட்டையில வச்சு ஒரே ஒரு தட்டு, முள்ளு பதிஞ்ச அடையாளம் தெரியணும். நட்டை எடுத்துட்டு அந்த நாலு அடையாளத்துலயும் 2 மி.மீ. பிட்டால, முள்ளு நீளத்துல மூணுல ரெண்டு பங்கு ஆழத்துக்கு ஓட்டை போடுங்க. திரும்ப அதே திசையில வச்சு, சுத்தியல் இல்லாம ஜி கிளாம்ப்பால அழுத்துங்க. போல்ட்டு முனை போக நடுவுல ஓட்டை போட்ட மரத்துண்டை எதிர்ப்பக்கம் வச்சுக்கிடுங்க.

போல்ட்டை முறுக்கியே நட்டை உள்ள இழுக்குதவங்க நெறைய. அதுக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட்டை எடுக்காதீங்க, அங்கனயே இறுகிரும். 8.8 கிரேடு இரும்பு போல்ட், பெரிய வாஷர், கிரீஸ் தடவி இழுங்க. இழுத்து முடிஞ்சதும் மரையைத் துணியில தின்னர் தொட்டுத் துடைச்சிருங்க. இரும்புத் துகள் ஒட்டியிருந்தா அதுலேருந்து துரு தொடங்கும்.

கடைசியா, ரொம்ப முக்கியமான வேலை. பிளைவுட்டுல ஓட்டை போட்டா அடுக்கு அடுக்கா மரத்தோட குறுக்குவெட்டு வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். அது வழியாத்தான் தண்ணி உள்ள ஓடும். ஐ.எஸ். 710 முத்திரை இருக்குத மரைன் பிளை ஆனாலும் பசைதான் தண்ணியைத் தாங்கும், மரம் குடிக்கும். அதனால 14 மி.மீ. ஓட்டையா முதல்ல போடுங்க. அடியில டேப் ஒட்டி, சிலிக்கா பொடி கலந்து இட்லி மாவைவிடக் கெட்டியாக்கின எப்பாக்ஸியை நிரப்புங்க. ஒரு ராத்திரி இறுகட்டும். மறுநாள் நடுவுல 10 மி.மீ. ஓட்டை போட்டா கழுத்தைச் சுத்தி முழுசும் எப்பாக்ஸிதான் இருக்கும், தண்ணி மரத்தைத் தொடாது. 14-க்கு மேல போகாதீங்க. 18, 20-ன்னு போட்டா முள்ளு எறங்குத எடமும் எப்பாக்ஸி ஆயிரும், அதுல முள்ளு ஏறாது.

நட்டை அழுத்துதப்பவும் தட்டுக்கடியில, முள்ளுல எல்லாம் எப்பாக்ஸி தடவி அழுத்துங்க. முள்ளு கிழிச்ச எடம் அடைபடும், நட்டு சுத்தவும் சுத்தாது. மரைக்குள்ள எப்பாக்ஸி போகாம இருக்க மெழுகு தடவின போல்ட்டை உள்ள விட்டு வச்சுக்கிடுங்க, முக்கால்வாசி இறுகுனதும் ஒரு சுத்து திருப்பிப் பாத்துட்டுக் கழட்டிருங்க. நம்ம ஊரு வெயில்ல கலந்த எப்பாக்ஸி டப்பாவுலயே சூடேறிக் கட்டியாகும். காலையில வெயில் ஏறதுக்கு முந்தி, ஒரு தடவைக்கு ஆறு நட்டுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்க.

---

தோணித்துறை எழுதியது:

மேலே இரண்டு பேர் சொன்னதோடும் ஒத்துப்போகிறேன், ஓரிரு இடம் தவிர.

எஞ்சின் கட்டைக்கு டீ நட் வேண்டவே வேண்டாம். அங்கே விசை ஒரே பக்கமாக வருவதில்லை. எஞ்சின் தள்ளும், அலையில் குதிக்கும்போது இழுக்கும், ஓயாமல் அதிரும். டீ நட்டின் தட்டு ஒன்றரை மி.மீ. தகடு, அதிர்வில் அதற்கடியில் மரம் நசுங்கத் தொடங்கினால் போல்ட் தளரும், தளர்ந்த ஓட்டையில் தண்ணீர் ஏறும். முழு நீள 316 போல்ட், உள்பக்கம் நாலு போல்ட்டையும் சேர்த்து ஒரே 6 மி.மீ. தாங்கு தகடு, நைலான் பூட்டு நட். ஓட்டைகளை எப்பாக்ஸியால் அடைத்துத் திரும்பப் போட்டு, பாலியுரேத்தேன் சீலன்ட் வைத்து முறுக்குங்கள். எஞ்சின் தாங்கி அலுமினியமாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் படும் இடமெல்லாம் அலுமினியம்தான் அரிக்கும், வெள்ளைப் பொடி பூக்கும். நைலான் புஷ், நைலான் வாஷர் போட்டு இரண்டையும் பிரியுங்கள். கிராஃபைட் கலந்த கிரீஸை அங்கே தடவக் கூடாது. கிராஃபைட்டும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் இன்னும் வேகமாகப் போகும், ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் கெடுதல்.

பலகை தாங்கும் கட்டை நீர்மட்டத்துக்கு மேலே இருந்தாலும், வள்ளத்துக்குள் தண்ணீர் தேங்கினால் அது தொடும் உயரமா என்று பாருங்கள். தொடும் என்றால் சிலிக்கன் வெண்கல போல்ட்டும் நட்டும்தான் சரி. ஆக்சிஜன் இல்லாத ஈரத்தில் அது ஸ்டெயின்லெஸ் மாதிரி குழி விழுந்து போகாது. கிடைப்பது கடினம், அதனால் கட்டையையே நாலு விரல் உயர்த்தி வைப்பது நல்லது.

தச்சுக்காரர் சொல்லாமல் விட்ட இடம் ஒன்று. கட்டையை விளிம்புக்கு அடியில் ஒட்டியபின் அதன்மேல் ஃபைபர் மேட் வைத்து மூடுவது பழக்கம். நட்டையும் சேர்த்து மூடிவிட்டால் அடியில் ஒரு மூடிய குழி உண்டாகிறது. போல்ட் மரை வழியாக மேலிருந்து இறங்குகிற உப்புத் தண்ணீர் அதற்குள் நின்றுகொண்டே இருக்கும். லேத்துக்காரர் சொன்ன ஆக்சிஜன் இல்லாத இடம் அதுதான். எனவே மேட் வைக்கும்போது நட் வாயைத் திறந்தே விடுங்கள், கீழே வடியட்டும், காற்றுப் படட்டும். மூடியே ஆக வேண்டிய இடம் என்றால் குழியை கிரீஸால் நிரப்பி, போல்ட் தலைக்கடியில் சீலன்ட் வைத்து, மேலிருந்து தண்ணீர் இறங்கவே விடாதீர்கள். அரைகுறையாக மூடுவது மட்டும் கூடாது.

ஃபைபர் வேலைக்கு நாம் ஊற்றும் சாதாரண பாலியெஸ்டர் ரெசினால் டீ நட்டை ஒட்டாதீர்கள். உலோகத்திலும் மரத்திலும் அதற்குப் பிடிப்பு குறைவு, ஓரத்தில் பிரிந்து தண்ணீர் புகும். நட்டுக்கு எப்பாக்ஸி. ஆனால் வரிசை முக்கியம்: பாலியெஸ்டர் மேல் எப்பாக்ஸி பிடிக்கும், எப்பாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. கட்டையை ஒட்டி மேட் வைத்து முடித்த பிறகு நட் வேலையைத் தொடங்கினால் இந்தச் சிக்கல் வராது.

பலகைக்கு இன்னொரு யோசனையும் சொல்கிறேன். ஒரு முனைக்கு இரண்டு போல்ட் வருகிறது. இரண்டு டீ நட்டுக்குப் பதில் 316 பட்டை, 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம், தேவையான நீளம், அதில் 6.8 மி.மீ. ஓட்டை இரண்டு போட்டு எம்8 டேப் அடித்து (உள்மரை வெட்டி), நாலு திருகால் கட்டைக்கு அடியில் பிடித்துவிடுங்கள். சுற்றவே சுற்றாது, மரம் நசுங்காது, குடைய வேண்டாம், முள் மடங்குகிற பேச்சே இல்லை. ஆட்கள் ஏறி மிதிக்கிற, வலை இழுக்கும்போது காலை ஊன்றுகிற பலகைக்கு நான் இதைத்தான் போடுவேன். பெட்டி மூடிக்கு எம்6 டீ நட் தாராளம்.

---

அயினிப்பலகை:

மூவருக்கும் நன்றி அண்ணாச்சி. போல்ட்டும் நட்டும் வேறு வேறு கடை. போல்ட் தலையில் எழுத்து ஏதும் இல்லை; பழைய ஸ்டாக் என்றார்கள். கடைக்காரர் "ரெண்டரை நூல்" என்று எடுத்துக் கொடுத்தார். நட் டப்பாவில் எம்8 என்று இருக்கிறது. இறுகி நிற்கிற அந்த ஒன்றை எப்படி எடுப்பது? பெஞ்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

---

பொருநை லேத்:

அப்படியென்றால் உங்கள் சிக்கலில் பாதி அங்கேயே இருக்கிறது. ரெண்டரை நூல் என்பது 5/16 அங்குலம், 7.94 மி.மீ. எம்8-ஓடு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 5/16 அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது மரைக்கு மரை 1.41 மி.மீ. எம்8-இல் 1.25. இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும், அதற்குமேல் மரை மேல் மரை ஏறிப் பூட்டிக்கொள்ளும். ரெண்டு நூலும் எம்6-உம், மூணு நூலும் எம்10-உம் இதேபோல ஒன்றுக்கொன்று பொருந்தாது. மரை கேஜ் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் தெரிந்த எம்8 போல்ட் ஒன்றின் மரையை இதன் மரையோடு முகத்துக்கு முகம் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள்; பத்து மரைக்குள் பொருந்தாதது தெரிந்துவிடும்.

அளவு பொருந்தினாலும் ஸ்டெயின்லெஸ்ஸில் ஸ்டெயின்லெஸ் இறுகும். உராயும்போது அந்த ஆக்சைடு படலம் கிழிந்து, வெறும் உலோகமும் வெறும் உலோகமும் அழுத்தத்தில் ஒன்றோடொன்று பற்ற வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். வேகமும் சூடும் இதைக் கூட்டும். அதனால் இம்பாக்ட் டிரைவர் (அதிர்ந்து முறுக்கும் மின் கருவி) வேண்டாம். முதல் ஐந்தாறு சுற்று விரலால், மீதி கை ஸ்பேனரால் மெதுவாக. மரையில் மணல் இருக்கக் கூடாது. தேரி (செம்மணல் மேடு) மணலும் உப்பும் சேர்ந்தால் அதுவே போதும் கீறுவதற்கு. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் (மரை இறுகாமல் தடுக்கும் பசை) தடவுங்கள், முதல் தடவை மட்டும் தடவினால் போதாது. முறுக்கும்போது வழுக்கலாக இல்லாமல் கிறீச்சென்று இழுத்தால் உடனே நிறுத்தி, எண்ணெய் விட்டு, கால் சுற்று பின், கால் சுற்று முன் என்று ஆட்டி வெளியே எடுத்துவிடுங்கள். அந்தக் கட்டத்தில் பலம் கொடுத்தால் முடிந்தது.

முழுதாக இறுகியதை எண்ணெய் ஊற்றி எடுக்க முடியாது. துருவாக இருந்தால் எண்ணெய் இறங்கும், இங்கே துரு இல்லை. தட்டை வைஸ் கிரிப்பால் பிடிக்க முடிந்தால் ஒரு முறை முயன்று பாருங்கள். அசையாவிட்டால் ஸ்டீலுக்கென்று விற்கும் 1 மி.மீ. வெட்டுச் சக்கரத்தால் போல்ட் தலையை அறுத்துவிட்டு, மேலிருந்து தட்டி போல்ட்டையும் நட்டையும் சேர்த்துக் கீழே தள்ளுங்கள். மரத்தில் முள் சுழன்று அரைத்த வட்டம் இருக்கும். அதே ஓட்டையில் புது நட் நிற்காது. 25 மி.மீ. அளவுக்கு வெட்டி அதே மரத்தில் ஒரு பொருத்துக்கட்டை எப்பாக்ஸியில் ஒட்டி, இறுகியபின் புதிதாக ஓட்டை போடுங்கள். அறுத்த இடத்தில் தெறித்த துகள் மற்ற ஸ்டீலில் ஒட்டாமல் துணி போர்த்திக்கொள்ளுங்கள்.

---

நவ்வலடித் தச்சு:

பெஞ்சுக்கு டீ நட்டு வேண்டாம் அண்ணாச்சி.

யோசிச்சுப் பாருங்க. தாங்குத சட்டம் அடியில, உக்காருத தேக்குச் சட்டம் மேல. போல்ட் அடியிலேருந்து வந்தா தட்டு மேல, உக்காருத பக்கம் வரணும். அதைக் குடைஞ்சு எறக்கி மரத்தக்கை வச்சு மூடணும். வெயில்ல தக்கை சுருங்கும், மழைத் தண்ணி அந்தக் குழிக்குள்ள நிக்கும். தோணித்துறை அண்ணாச்சி சொன்ன மூடுன குழி இதே கதைதான், ஒரு பெஞ்சுக்குப் பத்துப் பன்னெண்டு எடத்துல.

316 கேரேஜ் போல்ட் வாங்குங்க. வட்டத் தலை மேல, அதுக்கடியில இருக்குத சதுரக் கழுத்து மரத்துல பதிஞ்சு சுத்தாம நிக்கும், அடியில வாஷரும் நைலான் பூட்டு நட்டும். தண்ணி நேரா வடிஞ்சிரும். தேக்குல சதுரக் கழுத்தை அடிச்சு எறக்கினா சட்டம் வெடிக்கும். உளியால சதுரம் கொத்தி எறக்குங்க. எம்6-க்கு நடு ஓட்டை 6.5 போதும். சட்டத்தோட முனையிலேருந்து 40 மி.மீ.-க்குக் குறையாம உள்ள தள்ளிப் போடுங்க.

ஒரு பக்கம் மட்டும் கழட்டி மாட்டணும், பின்பக்கம் கை போகாது, பின்பக்கம் தண்ணி நிக்காது. இந்த மூணும் சேர்ந்து இருக்குத எடத்துலதான் டீ நட்டுக்கு வேலை. பெஞ்சுல அடிப்பக்கம் கை நல்லாவே போகும்.

பட்டை நட்டு யோசனை பலகைக்கு நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கிடுதேன். ஆனா 6 மி.மீ. 316-ல டேப் அடிக்க நல்ல கை வேணும். டேப் உள்ளேயே ஒடிஞ்சா அந்தப் பட்டையே போச்சு. லேத்துல குடுத்து அடிச்சு வாங்குங்க, வீட்டுல முயற்சி பண்ண வேண்டாம்.

---

தோணித்துறை:

ஆமாம், லேத்திலேயே கொடுங்கள். மெதுவான சுற்று, வெட்டு எண்ணெய், கோபால்ட் பிட். நடுவில் நிறுத்தி நிறுத்தித் தேய்த்தால் ஸ்டெயின்லெஸ் அந்த இடத்தில் கடினமாகி பிட்டைத் தின்றுவிடும்.

உங்கள் அளவுக்கு வாங்க வேண்டியது இது.

பலகை: மூன்று பலகை, ஆறு முனை, முனைக்கு இரண்டு, ஆக 12 இடம். கனம் கூட்டினால் பலகை 25, வாஷர் 2, ஃபைபர் 5, கட்டை 18, மொத்தம் 50 மி.மீ. டீ நட் என்றால் எம்8 × 55 போல்ட். தட்டுக்குக் கீழே 5 மி.மீ. நீட்டும், அவ்வளவு போதும். பட்டை நட் என்றால் இன்னும் 6 கூடி எம்8 × 60. வாஷர் 24 மி.மீ. வெளிவிட்டம் உள்ள பெரிய ரகம். சின்ன வாஷர் அயினியிலும்கூட நாளடைவில் அமுங்கும். பலகை ஓட்டையை 9 மி.மீ. போடுங்கள், அயினி நனைந்து உப்பும்போது போல்ட்டைக் கவ்வாது.

மூடி: ஆறு இடம், எம்6. மூடி 18, ரப்பர் 3, விளிம்புச் சட்டம் 18, வாஷர் 1.6. எம்6 × 45 வாங்குங்கள். 40 வாங்கினால் கணக்குக்குச் சரியாகத் தெரியும், ஆனால் ரப்பர் அமுங்கும்வரை முனை தட்டு வரைகூட எட்டாது. எம்6 வாஷரும் பெரிய ரகம், 18 மி.மீ. ரப்பர் பாதி அமுங்கினால் போதும், அதற்குமேல் முறுக்கினால் பிளைவுட் மூடி போல்ட்டுக்குப் போல்ட் வளையும்.

எல்லாவற்றிலும் நாலைந்து கூடுதலாக எடுங்கள், ஓட்டைக்குள் விழுந்தால் எடுக்க முடியாது. ஏ4 போல்ட் தூத்துக்குடியில் படகு சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 316 டீ நட் கைவசம் இல்லையென்றால் சொல்லி வரவழைத்துக்கொள்ளுங்கள், 304-ஐ "அதே மாதிரிதான்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

சீலன்ட் விஷயத்தில் ஒன்று. காடி வாசம் அடிக்கிற சிலிக்கன் வேண்டாம், அது இறுகும்போது அமிலம் விடும். நியூட்ரல் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். கழற்றி மாட்டுகிற போல்ட்டுக்குப் பாலியுரேத்தேனும் வேண்டாம், ஒட்டினால் வராது. தலைக்கடியில் பியூட்டைல் டேப் (மிருதுவான ரப்பர் ஒட்டுநாடா) ஒரு சுற்று போதும்.

கழுவுவதற்கு ஆற்றுத் தண்ணீர், அதாவது குடிநீர்க் குழாய்த் தண்ணீர் மட்டும். கடலோரத்தில் உப்பாக இருக்கும் போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபின் உப்புதான் மிஞ்சும். ஆனி, ஆடிக் காற்றில் மணலும் உப்பும் தலையைச் சுற்றி அடையும், அப்போது பலகை போல்ட்டுகளை மாதம் ஒரு முறை கழற்றி, மரையைத் துடைத்து, ஆன்டி சீஸ் தடவி மாட்டச் சொல்லுங்கள். கறை தெரிந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலும் நைலான் பிரஷும். இரும்புக் கம்பி பிரஷ் பட்டால் அதன் துகள் பதிந்து, மறு வாரமே துரு தெரியும்.

---

அயினிப்பலகை:

பலகைக்குப் பட்டை நட், மூடிக்கு எம்6 டீ நட், பெஞ்சுக்கு கேரேஜ் போல்ட், எஞ்சின் கட்டைக்கு முழு போல்ட்டும் தகடும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: பட்டையைப் பிடிக்கிற நாலு திருகும் 316-ஆகவே வேண்டுமா?

---

பொருநை லேத்:

ஆமாம், 316-ஏ. இரும்புத் திருகு போட்டால் பட்டையோடு சேர்ந்து அதுதான் முதலில் கரையும். பித்தளைத் திருகும் வேண்டாம், உப்பில் அதன் துத்தநாகம் கரைந்து வெறும் செம்புப் பஞ்சு மாதிரி நிற்கும். 4 × 16 மி.மீ. தட்டைத் தலை, 18 மி.மீ. கட்டையைத் தாண்டாது. பட்டையில் திருகு ஓட்டையை 4.5 மி.மீ. போட்டு, தலை சமமாக இறங்குகிற அளவு சரிவு வெட்டச் சொல்லுங்கள். கட்டையில் 2.5 மி.மீ. வழி ஓட்டை, அதில் ஒரு சொட்டு எப்பாக்ஸி விட்டு முறுக்குங்கள். போல்ட் இரண்டையும் பட்டையில் விரலால் ஏற்றி நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே திருகை முழுதாக முறுக்க வேண்டும்.